ஏழாவது மேசை

மாதிரித் தேர்வில் ஏழாவது மேசை
‘கெட்ட செய்தி சொல்லுதல்’.
ஐந்து நிமிடம். பத்து மதிப்பெண்.
பெயர் கேட்டு வணங்கினால் ஒன்று,
நிற்காமல் உட்கார்ந்தால் ஒன்று,
கண்ணைப் பார்த்துப் பேசினால் ஒன்று,
சொன்ன பிறகு
பத்து விநாடி வாய் மூடியிருந்தால்
இரண்டு.

நோயாளியாக நடித்தவர்
ஆய்வக உதவியாளர் சீனி நைனா.
நுரையீரல் புற்று, நான்காம் நிலை.
காலையிலிருந்து முப்பத்தொரு தடவை
அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டார்.
என் முறையில்
அதிர்ச்சி வரவேண்டிய இடத்தில்
அவருக்குக் கொட்டாவி வந்தது.
கையால் வாயை மறைத்ததை
அழுகை என்று எடுத்துக்கொண்டேன்.
மனசுக்குள் எண்ணினேன்
ஒன்று, இரண்டு, மூன்று.
மணி அடித்தது.
பத்துக்கு ஒன்பது.
பெயர் கேட்க மறந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை
வலி தணிப்பு வண்டி களிமண்குண்டுக்குப் போனது.
திருப்புல்லாணி தாண்டியதும் பனை, உடைமரம், மணல்.
நர்ஸ் செல்வராணி மடியில் மார்பின் டப்பா,
என் மடியில் பதிவேடு.

களஞ்சியத்துக்கு நாற்பத்திரண்டு வயசு.
கர்ப்பப்பை வாய்.
பாவாடை கட்டிய நாளிலிருந்து பாசிக்கு முங்கியவள்.
விரல்களில் துணி சுற்றியே பழகிய கை
கட்டில் கயிற்றைப்
பாறையைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தது.
அறைக்குள் ஒரு நாற்றம்.
புத்தகத்தில் அதற்கு மாத்திரையின் பெயர் இருக்கிறது,
எத்தனை பொடித்துத் தூவ வேண்டும் என்று இருக்கிறது.
அதற்கு வெட்கப்பட்டு
எட்டு நாளாய் மகளைப் பக்கத்தில் அண்டவிடாத ஒருத்தி முன்னால்
முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று
இல்லை.

காலி டீசல் கேனைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.
ஒரு மதிப்பெண்.
கண்ணைப் பார்த்தேன்.
ஒரு மதிப்பெண்.

“எந்த வத்தம்?” என்றாள்.

விளங்கவில்லை.
செல்வராணி தாழ்ந்த குரலில் சொன்னாள்:
அமாவாசையை ஒட்டி ஆறு நாள்,
பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள்
கடல் வத்தும், அப்பத்தான் பாசி.
இவங்களுக்கு மாசம்னா அந்தப் பன்னிரண்டு நாள்தான்.

நான் வாரங்களுக்குத் தயாராகி வந்திருந்தேன்.
‘சில வாரங்கள்’
‘உறுதியாகச் சொல்ல முடியாது’
‘ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி’
மூன்றும் நாக்கில் வரிசை கட்டி நின்றன.
பௌர்ணமி போய் மூன்று நாள் ஆகியிருந்தது.
கணக்குப் போட்டேன்.
“வர்ற அமாவாசை வத்தம் பாப்பீங்க.”

“அதுக்கடுத்தது?”

பழக்கத்தில் எண்ணத் தொடங்கினேன்.
பத்து வந்தது.
பதினொன்று வந்தது.
மணி அடிக்க அங்கே யாருமில்லை.
வெளியே, பாசி உலர்த்திய தார்ப்பாயில்
ஒரு கோழி எதையோ கொத்திக்கொண்டிருந்தது.
இருபதுக்கு மேல்
எண்ணிக்கை தவறிப்போயிற்று.

“ராக்கு” என்று மகளைக் கூப்பிட்டாள்.
“என் முங்குற கண்ணாடிய
மேலவீட்டுச் செம்பகத்துக்கு வெலைக்குக் குடுத்துரு.
எரவல் குடுக்காத, திரும்பி வராது.”
பிறகு என்னிடம்
“தம்பி, கொஞ்சம் நவுந்து ஒக்காரு.
சோழகம் இப்பத்தான் எறங்குது,
நீ வாசல மறிச்சுக்கிட்டு இருக்க.”

கேனோடு நகர்ந்தேன்.
காற்று வந்தது.
போர்த்தியிருந்த சேலை லேசாய் எழும்பி அடங்கியது.
வாசலில் நின்ற ராக்கு உள்ளே வந்து
காற்று வரும் பக்கமாகப் பார்த்து
கட்டிலில் உட்கார்ந்தாள்.
களஞ்சியம் ஒன்றும் சொல்லவில்லை.
கண்ணை மூடிக்கொண்டாள்.

அமாவாசைக்கு மறுநாள்
செல்வராணிக்குப் போன் வந்தது.
நல்ல வத்தம். பெண்களெல்லாம் கடலுக்குள்.
வள்ளம் அனுப்பிக் கூப்பிட்டார்களாம்,
பாசி மூட்டையோடு
ஈரச் சட்டையோடு வந்தார்களாம்.

பதிவேட்டில் கடைசிக் கட்டம்
‘இந்த வருகையில் கற்றது’.
இரண்டு விரற்கடை இடம்.
‘வாசலை மறித்து உட்காரக் கூடாது’
என்று எழுதிக் கொடுத்தேன்.

கையெழுத்தாகித் திரும்பி வந்தது.
பக்கத்தில் சிவப்பு மையில்
ஒரு கேள்விக்குறி.